விரலும் ஒலியும்

எழுத்துக்களின் ஒலிக்காலத்தை அளத்தற்கு நம் முன்னோர் தேர்ந்த அளவுகோல்கள் இரண்டு. ஒன்று கண்ணிமைப்பு, மற்றொன்று கைந்நொடிப்பு. இவற்றால் அளக்கப்படும் காலத்தை மாத்திரை என்றனர். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என வகுத்து, மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்றுங் கூறி அமைந்தனர். வகுப்பறையிலே இவ்விலக்கணத்தைப் பல்லாண்டு கற்பித்துவந்த யாம், கால் மாத்திரையினுஞ் சிறிய காலம் மனிதருக்கு ஒரு பொருட்டன்று என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையென்பதை உணர்த்தியவன் எம் மாணவனொருவன்; உணர்த்திய கருவி ஒரு கணினி. அவ்வரலாற்றையும், அதன் வாயிலாக யாம் கற்ற செய்முறையையும் இவ்விழா மலரிலே பழைய மாணவர் முன்னிலையில் வைக்க விரும்புகின்றோம்.

சென்ற ஆண்டு நவராத்திரிக்குச் சில கிழமைகள் முன்பாக, ரொறன்ரோ நகரில் வாழும் பழைய மாணவரொருவர் நம் இசையறைக்கு ஓர் இசைப்பலகை அனுப்பியிருந்தார். ஆர்மோனியத்தைப் போன்றே கறுப்பும் வெள்ளையுமான கட்டைகள் உடையது. ஆயினுந் தனக்கெனக் குரலில்லாதது. இன்ன கட்டை இன்ன விசையோடு அழுத்தப்பட்டது என்னுஞ் செய்தியைக் கம்பி வழியே கணினிக்கு அனுப்புவதே அதன் தொழில். ஒலியை எழுப்பவேண்டியது கணினியே. இசையறையிலிருந்த பழைய கணினியில், உரிமக் கட்டணம் வேண்டாத லினக்ஸ் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தது. வேண்டிய மென்பொருளை ஏற்றி, ஒலிபெருக்கியையும் இணைத்தோம். வாணி விழாவிற் கூட்டுப்பாடலுக்குப் பக்கவிசையாக இதனை வாசித்தற்கு எட்டாந் தரத்து மாணவனொருவனைத் தேர்ந்தோம். பாட்டனாரிடம் ஆர்மோனியம் பயின்ற பிள்ளை அவன்.

ஒத்திகையில் அவன் தாளத்தில் நிற்கவில்லை. மிருதங்கம் ஓரிடத்திலும் அவன் வாசிப்பு வேறோரிடத்திலுமாக நின்றன. சிலபோது தயங்கினான்; சிலபோது முந்தி ஓடினான். மூன்று நாட் பொறுத்தபின் யாம் அவனைக் கடிந்துகொண்டோம். வேறொருவனைத் தேடுவோம் என்றுங் கூறினோம். “நான் பிந்தேல்லை சேர், பெட்டிதான் பிந்துது” என்று குனிந்த தலையோடு அவன் சொன்னான். தன் பிழையைக் கருவியின்மேல் ஏற்றுகின்றான் எனக் கருதி அச்சொல்லை யாம் பொருட்படுத்தினோமல்லேம். மறுநாள் அவன் ஒத்திகைக்கு வரவில்லை.

அன்று மாலை, தனித்திருந்த இசையறையில், யாமே ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தோம். ஏதோ ஒரு தயக்கம் இருப்பதுபோலத் தோன்றிற்று. கைபேசியைப் பலகையின் அருகே வைத்து ஒலிப்பதிவு செய்து, அப்பதிவை ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருளில் அலைவடிவாக விரித்து நோக்கினோம். கட்டை அடியிலே முட்டும் ‘டக்’ என்னும் ஒலி ஓரிடத்தில் நின்றது. ஒலிபெருக்கியின் இசையொலி அதற்கு அப்பால் நின்றது. இடைவெளி கால் செக்கனுக்குச் சற்றே குறைவு. பிந்தியது பெட்டிதான்.

இத்தாமதம் எங்கிருந்து வருகின்றது? விரலிலிருந்து செவி வரையுள்ள வழியை அடியடியாகப் பார்த்தல் வேண்டும்.

வழியின் முதற்கூறு மிடி என்னும் மொழியாகும். வெவ்வேறு நிறுவனத்தார் செய்த இசைக்கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுதற்பொருட்டு, அமெரிக்கரான டேவ் சிமித்து, சப்பானியரான இக்குத்தாரோ காக்கெகாசி முதலியோர் முயன்று 1983 இல் உலகுக்கு அளித்தது இம்மொழி. இது ஒலியன்று, ஒலியைப் பற்றிய குறிப்பு. தமிழ் பயின்றார்க்கு ஒரு சொல்லில் விளக்கலாம்: மிடி வரிவடிவம், ஒலிவடிவம் பின்னர்ப் பிறப்பது. ஒரு கட்டையழுத்தம் மூன்று பைற்றுச் செய்தியாகும். பழைய மிடிக் கம்பியிலே செக்கனுக்கு 31,250 பிற்று செல்லும். தொடக்கக்குறி முடிவுக்குறியோடு கூட மூன்று பைற்றுக்கு 30 பிற்று ஆகலின், ஓரழுத்தம் செல்ல ஒரு மில்லிசெக்கன், அஃதாவது செக்கனில் ஆயிரத்திலொரு கூறு, முழுமையாக வேண்டுவதில்லை. எனவே குற்றவாளி மிடி அன்று.

இரண்டாங் கூறு, வரிவடிவத்தை ஒலிவடிவாக்கும் மென்பொருள் ஒலியாக்கி. பீற்றர் அனாப்பே என்பார் தொடக்கிவைத்துப் பலர் கூடி வளர்த்த புளூயிட்சிந்த் என்பதை யாம் கையாண்டோம். உண்மைக் கருவிகளின் ஒலியைச் சுரஞ்சுரமாகப் பதிந்துவைத்த களஞ்சியக் கோப்பொன்றை இது நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும்; செய்தி வந்தவுடன் உரிய பதிவை எடுத்து, வேண்டிய சுருதிக்கு ஏற்றியிறக்கித் தரும். இக்கோப்புக்களைச் சவுண்ட்பொன்ட் என்பர். இக்கணக்கையெல்லாம் இக்காலக் கணினி விரைந்து முடித்துவிடும். ஆகலின் பெருங்குற்றம் இதனிடத்துமில்லை.

குற்றம் மூன்றாங் கூற்றில் உள்ளது. ஒலியாக்கி தான் செய்த ஒலியைத் துளித்துளியாக வெளியே விடுவதில்லை. ஒரு கலத்தில் நிரப்பி, நிறைந்தபின்னரே ஒலியட்டைக்கு அளிக்கின்றது. துலா மிதித்துத் தோட்டம் இறைத்த காலத்தை அறிந்த பெரியோருக்கு இஃது எளிதில் விளங்கும். கிணற்றிலிருந்து பட்டை பட்டையாகவே நீர் ஏறும். பெரிய பட்டையாயின் வாய்க்காலில் நீர் அறாது. ஆனால் ஒவ்வொரு பட்டையும் நிரம்பி மேலேற நேரஞ் செல்லும். சிறிய பட்டையாயின் நீர் விரைவில் வந்துசேரும். ஆனால் மிதிப்பவர் ஓயாது மிதித்தல் வேண்டும். அவர் சற்றே கால் தளரின் வாய்க்கால் வற்றும். கணினியில் அவ்வாறு வாய்க்கால் வற்றுதலே ‘சடசட’ என்னும் முறிவொலியாகச் செவியில் விழுவது.

இக்கணக்கு எளியது. பட்டையின் அளவைப் பட்டைகளின் எண்ணிக்கையாற் பெருக்கி, ஒரு செக்கனுக்குரிய ஒலிமாதிரிகளின் தொகையால் வகுத்தால் தாமதம் கிடைக்கும். புளூயிட்சிந்த் லினக்சில் இயல்பாகக் கொள்ளும் பட்டையளவு 64 மாதிரி; பட்டைகள் 16; செக்கனுக்கு மாதிரிகள் 44,100. எனவே தாமதம் ஏறத்தாழ 23 மில்லிசெக்கன். பட்டைகளை மூன்றாகக் குறைத்து, மாதிரித் தொகையை 48,000 ஆக்கினால் 4 மில்லிசெக்கன் மாத்திரமே.

இருபத்துமூன்று மில்லிசெக்கன் பெரிதா சிறிதா? கண்ணிமைத்தல் நிகழ 100 முதல் 400 மில்லிசெக்கன் வரை செல்லும் என்பர். மிக விரைந்த இமைப்பைக் கொண்டாலும் கால் மாத்திரை 25 மில்லிசெக்கன். ஆகவே இத்தாமதம் இலக்கணத்தார் கணக்கிற் கால் மாத்திரைக்கும் உட்பட்டது. ஆயின் இசைவாணர் கணக்கு வேறு. நம் வெப்பநாட்டிலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்கின்றது. மூன்று மில்லிசெக்கனுக்கு ஒரு மீற்றர் என்று கொள்ளலாம். எனவே 23 மில்லிசெக்கன் பிந்திய கருவியை வாசிப்பவர், தம் விரலுக்கு எட்டு மீற்றர் அப்பால் ஒலிக்குங் கருவியை வாசிப்பவர் போலாவர். பத்து மில்லிசெக்கன் என்பது மூன்றரை மீற்றர். மேளக்கச்சேரியில் நாதசுரக்காரருக்குந் தவிற்காரருக்கும் இடைப்பட்ட தூரத்தினின்று மிக வேறன்று. அவ்வளவைக் கைபழகியோர் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வர். எம் மாணவனுக்கு யாம் கொடுத்ததோ கால் செக்கன்: எண்பது மீற்றருக்கு மேல். கோயில் மண்டபத்திலிருந்து வாசிக்கும் பிள்ளைக்கு அவன் கருவியின் ஒலி தேர்முட்டிக்கு அப்பாலிருந்து வந்தாற்போன்றது. ஒலி வரக் காத்திருந்தாற் பிந்துவான். காத்திராது சென்றாற் செவி குழம்பி முந்துவான். அவன் இரண்டுஞ் செய்தான்.

இனித் திருத்திய முறையைக் கூறுவோம். ரொறன்ரோ அன்பரே தொலைபேசியில் எமக்கு ஆசிரியராயினார்.

முதலாவதாக, கம்பியில்லா ஒலிபெருக்கியை அகற்றினோம். புளூடூத் வழியே செல்லும் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, மீள விரிக்கப்படுதலின் 100 முதல் 200 மில்லிசெக்கன் வரை அதன்கண்ணே கழிந்துவிடும். பாட்டுக் கேட்பார்க்கு இது குறையன்று, வாசிப்பார்க்கோ பெருங்குறை. சாதாரணக் கம்பியை இணைத்ததும் தாமதத்தின் பெரும்பகுதி நீங்கிற்று. பணஞ் செலவில்லாத இத்திருத்தமே யாவற்றுள்ளும் பயன்மிக்கது.

இரண்டாவதாக, ஒலியட்டைக்கு வழிவிடுபவர் யார் என்று பார்த்தோம். லினக்சின் கருவகத்திலே ஒலியட்டையோடு நேரே பேசுவது அல்சா. அதன்மேல், இசைத்தொழிலுக்கென ஜாக் என்பதும், பொதுப்பயனுக்குப் பல்சோடியோ என்பதும் முன்னர்த் தனித்தனியே வழங்கின. இப்போது இவ்விரண்டின் பணியையும் பைப்வயர் என்னும் ஒன்றே மேற்கொள்கின்றது. 2021 இல் பெடோரா என்னும் லினக்ஸ் வழங்கல் இதனைத் தன் இயல்பாக ஏற்றது. ஒலியாக்கியை அல்சாவுடன் நேரே பிணைத்தால் வழி குறுகும். ஆயினும் அட்டையை அது தனக்கே உரியதாக்கிக்கொண்டால் ஏனைய மென்பொருள்கள் ஊமையாகும். பல மாணவர் பயன்படுத்தும் பள்ளிக் கணினிக்குப் பைப்வயரே ஏற்றது. அதன் இயல்புப் பட்டையளவு 1024 ஆகும். 48,000 என்னும் வேகத்தில் இதுவே 21 மில்லிசெக்கன். ‘குவாண்டம்’ என்னும் பெயரால் வழங்கும் அவ்வளவை யாம் 128 ஆகக் குறைத்தோம். அல்சாவை நேரே பயன்படுத்துவோர், புளூயிட்சிந்தின் கட்டளைவரியில் ‘இசட்’ என்னுஞ் சிறிய ஆங்கில எழுத்தின்பின் பட்டையளவையும், ‘சி’ என்பதன்பின் பட்டை எண்ணிக்கையையும், ‘ஆர்’ என்பதன்பின் மாதிரித் தொகையையுந் தருதல் வேண்டும். 64, 3, 48000 என்று தொடங்குக. முறிவொலி கேட்பின் 64 ஐ 128 ஆக்குக, தாமதம் 8 மில்லிசெக்கனாகும், அதுவும் நன்றே.

மூன்றாவது திருத்தம் முறைபற்றியது. பங்குக் கிணற்றில் ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறையுண்டு. கணினியின் செயலியும் பங்குக் கிணறே. பல மென்பொருள்கள் முறைவைத்து அதனைப் பயன்படுத்துகின்றன. சிறு பட்டையால் இறைப்பவன், தன் முறைக்கு நெடுநேரங் காத்திருப்பின் வாய்க்கால் வற்றிவிடும். ஆதலால் அவனுக்கு முன்னுரிமை வேண்டும். லினக்சில் ‘ஓடியோ’ என்னுங் குழுவுக்கு நிகழ்நேர முன்னுரிமையும், நினைவகத்தைப் பூட்டிவைக்கும் உரிமையும் வழங்கும் வரிகள் இரண்டை வரம்புக் கோப்பில் எழுதி, பயனரை அக்குழுவிற் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீளவும் புகுதல் வேண்டும். புகாவிடின் உரிமை செல்லாது. இதனை மறந்து ஒரு முழு மாலையை யாம் வீணாக்கினோம். கருவகத்தையே நிகழ்நேரத்துக்கு உகந்ததாக்கும் திருத்தங்கள் நெடுங்காலம் தனியே வழங்கிப் பின் 2024 இல் லினக்சின் 6.12 ஆம் பதிப்போடு அதன் பொதுவுடைமையாயின. ஆயினும் பக்கவிசைக்கு அத்துணை நுட்பம் வேண்டுவதில்லை. சாதாரணக் கருவகமே எமக்குப் போதியதாயிற்று.

நான்காவதாக, பழைய கணினியின் சுமையைக் குறைத்தோம். புளூயிட்சிந்த் இயல்பாக 256 ஒலிகளை ஒருங்கே எழுப்ப இடந்தருகின்றது. ஒரு பிள்ளையின் பத்து விரலுக்கு 64 ஏராளம். எதிரொலிப்பு, குழுவொலிப்பு என்னும் அலங்காரங்களை நிறுத்தினோம். செயலி சோம்பலுற்று வேகங் குறைந்து மின்சாரஞ் சேமிக்கும் வழக்கத்தையும், வாசிக்கும் வேளையில் விலக்கினோம்.

ஐந்தாவது, இவ்வேற்பாடு யாவும் ஆசிரியர் கையை எதிர்பாராது தாமே நிகழவேண்டுமென்பது. நாதசுரக் குழுவில் ஒத்து ஊதுவாரை நினைக. அவர் முன்னரே தொடங்குவார், இறுதிவரை நிற்பார், அவரை ஒருவரும் நோக்கார், அவரின்றேற் கச்சேரியில்லை. ஒலியாக்கியும் அவ்வாறு பின்னணியில் நிற்றல் வேண்டும். இதற்கெனச் சிஸ்டம்டி என்னும் நிருவாகியிடம் புளூயிட்சிந்தைப் பயனர் சேவையாகப் பதிவுசெய்தல் தகும். பல வழங்கல்களில் அச்சேவைக் கோப்பு மென்பொருளுடனேயே வருகின்றது. களஞ்சியக் கோப்பு இருக்குமிடத்தையும் மேற்கூறிய எண்களையும் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டால், பயனர் புகுந்தவுடன் ஒலியாக்கி எழுந்துநிற்கும். பலகையை ஒலியாக்கியோடு இணைக்குங்கால் எண்ணைக் கொண்டு இணைத்தலாகாது. செருகும் வரிசைக்கேற்ப எண் மாறக்கூடும். பெயரைக் கொண்டு இணைக்க, அல்லது தானே இணையும் அமைப்பை இயக்கிவைக்க. இன்று எம் இசையறையிற் பிள்ளைகள் கணினியை ஏற்றிப் பலகையைச் செருகியதும் இசை பிறக்கின்றது. திரையை நோக்கவும் வேண்டுவதில்லை.

திருத்தியபின் மீண்டும் ஒலிப்பதிவு செய்து அளந்தோம். ‘டக்’ என்னும் ஒலிக்கும் இசையொலிக்கும் இடையே பன்னிரண்டு மில்லிசெக்கன் அளவே எஞ்சியது. நான்கு மீற்றர்.

அளவைக்கு அடங்காத குறையொன்றும் உண்டு. 1991 இல் வகுக்கப்பட்ட பொதுமிடி அட்டவணையிலே 128 கருவிகள் இடம்பெற்றன. ஆர்மோனியத்துக்கு நெருங்கிய உறவான நாவோர்கன் 21 ஆம் இடத்துளது. அதனையே எம் மாணவன் வாசித்தான். சித்தாருக்கு 105 ஆம் இடமும் செனாய்க்கு 112 ஆம் இடமுங் கிடைத்தன. நாதசுரத்துக்கும் தவிலுக்கும் வீணைக்கும் இடமில்லை. மேலும், இவ்வட்டவணை இயல்பாகப் பன்னிரு சமவிடைவெளிச் சுரங்களையே கொள்ளும். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமை பூண்டிருந்த விபுலானந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ்நூலிலே சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்து காட்டியதை அறிந்தோர்க்கு இது போதாது. ஆனால் வழி அடைபட்டில்லை. மிடியிற் சுரத்தை வளைக்குஞ் செய்திக்கு 16,384 படிகள் உண்டு. புளூயிட்சிந்தும் ஒவ்வொரு சுரத்தின் சுருதியையும் தனித்தனியே மாற்றியமைக்க இடந்தருகின்றது. களஞ்சியக் கோப்பையோ எவருஞ் செய்யலாம். பொலிபோன் என்னும் இலவச மென்பொருள் அதற்கென உள்ளது. அளவெட்டி பத்மநாதனின் நாதசுரத்தையும், 1975 இல் மறைந்த இணுவில் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் பெற்றெடுத்த மண் இது. இன்றுள்ள வித்துவான்களின் இசைவோடு அவர்தங் கருவிகளைச் சுரஞ்சுரமாகவுஞ் சொற்சொல்லாகவும் பதிந்து, ஒரு களஞ்சியம் ஆக்குதல் நம்மவரால் இயலாததன்று. கமகத்தைப் பதிவு தராது என்பது மெய்யே. ஆயினும், கருவி வாங்க வசதியற்ற பிள்ளையொருவன் அதன் குரலையாவது விரலாற் பழகுவான். பழைய மாணவருள் இத்துறை வல்லார் பலர் உளர். அவர்க்கு இஃது எம் விண்ணப்பம்.

அம்மாணவனின் வீட்டுக்கு யாம் சென்றோம். “பெட்டிதான் பிந்தினது தம்பி, எங்களுக்குத்தான் விளங்கேல்லை” என்று பாட்டனார் முன்னிலையிற் சொன்னோம். ஆசிரியர் வாயிலிருந்து வருவதற்கு அது சற்றுப் பிந்திய சொல்லே. அவன் ஒன்றுங் கூறாது தலையசைத்தான். மறுநாட் காலை இசையறைக்கு வந்து, கட்டையொன்றை அழுத்தினான், மீண்டும் அழுத்தினான், பின்னர் எம்மை நிமிர்ந்து நோக்கிச் சிரித்தான். வாணி விழாவிலே மிருதங்கத்தோடு ஒட்டி வாசித்தான். முன்வரிசையிலிருந்த பாட்டனார் தொடையிற் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

தமிழாசிரியனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று கேட்பார் உளராயின் அவர்க்கு எம் விடை இதுவே. மாத்திரையைக் கற்பித்தவர் யாம். காலத்தின் பிழையைச் செவியால் அறிந்தவன் அவன். மேற்கூறிய எண்களையெல்லாம் ஒரு தாளில் தமிழிலே எழுதி இசையறைச் சுவரில் ஒட்டியுள்ளோம். அத்தாளின் முதல் வரியில் எண் எதுவும் இல்லை. “பிள்ளை பிந்துகின்றான் என்று சொல்லுமுன் பெட்டியை அளந்து பார்க்க” என்பதே அவ்வரி.